மலைமேல் வெட்டிய சதுப்பும் குகைக்குள் வந்த வெள்ளமும்: அயர்லாந்தின் குல்கியா நடைபாதைகள்

அயர்லாந்துத் தீவின் வடமேற்கே, ஃபெர்மானா மாவட்டத்தில், மார்பிள் ஆர்ச் என்றொரு குகைத்தொகுதி இருக்கிறது. நிலத்தடி ஆற்றில் கொஞ்ச தூரம் படகில் போய், அப்புறம் இறங்கி நடந்து பார்க்கிற குகை. 1985-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டமும் வந்தது. ஆனால் போகப் போக ஒரு தொல்லை தலைதூக்கியது. பலத்த மழை பெய்தால் குகைக்குள் வெள்ளம் முன்பைவிட வேகமாக ஏறியது, அடிக்கடியும் ஏறியது. காரணத்தைத் தேடியவர்கள் குகையைவிட்டு வெளியே வந்து, மேலே குல்கியா மலைச்சரிவைப் பார்க்க வேண்டியிருந்தது. அங்கே அடுப்பெரிக்க இயந்திரம் வைத்துச் சதுப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சதுப்பு மண்ணுக்குப் பீட் என்று பெயர். செடியும் பாசியும் செத்து, நீரில் ஊறி, முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்தது. ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழம் தோண்டினால் ஆயிரம் ஆண்டுகளைத் தோண்டியதாகக் கணக்கு. அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர். மழையைப் பஞ்சு போலக் குடித்துவைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடும். காயவைத்தால் நன்றாக எரியும். விறகு கிடைக்காத அயர்லாந்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் மண்வெட்டியால் வெட்டி, வெயிலில் அடுக்கிக் காயவைத்து, குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்தார்கள். கையால் வெட்டியவரை மலை தாங்கியது. இயந்திரம் வந்ததும் கதை மாறிவிட்டது. இயந்திரம் ஓட நிலம் காய வேண்டும், நிலம் காய வாய்க்கால் வெட்ட வேண்டும். அந்த வாய்க்கால்கள் மழைநீரை ஊறவிடாமல் நேராகக் கீழே கொண்டுபோய்க் கொட்டின. கீழே இருந்தது குகை.

1998-இல் ஃபெர்மானா உள்ளாட்சி மன்றம் குல்கியா மலைப் பூங்காவை அமைத்தது. சதுப்பைக் காப்பதும் கெட்டுப்போன பகுதியை மீட்பதும் அதன் முதல் வேலை. வாய்க்கால்களுக்குக் குறுக்கே சின்னச் சின்ன அணை போட்டு அடைத்தார்கள். தண்ணீர் தேங்கத் தொடங்கியதும், பீட்டாகப் படியும் ஸ்பேக்னம் என்ற பாசி திரும்பி வந்தது. குகையைக் காப்பாற்ற மலைமேல் வேலை செய்ய வேண்டும் என்று ஓர் உள்ளாட்சி அமைப்பு புரிந்துகொண்டு, பணமும் போட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அயர்லாந்தின் கிராமப்புற நடைபாதைகளைப் பற்றிப் படிக்கும்போது காடு, ஏரி, குகை, அருவி என்று நான்கையும் தனித்தனிக் காட்சிகளாக அடுக்கிவைத்திருப்பதைப் பார்க்கலாம். இங்கே ஒன்று, அங்கே ஒன்று, எல்லாவற்றுக்கும் ஒரு படம். குல்கியாவில் அப்படிப் பிரிக்கவே முடியாது. மலையுச்சியில் விழும் ஒரே மழைநீர்தான் சதுப்பாகி, ஓடையாகி, பூமிக்குள் மறைந்து, குகையைக் குடைந்து, மறுபடி ஆறாக வெளிவந்து, மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் இறங்கி, ஏரியில் கலக்கிறது. நடைபாதைகள் அந்த நீர்வழியை ஒட்டியே போகின்றன. அது தெரிந்து நடப்பதற்கும் தெரியாமல் நடப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இதற்கெல்லாம் அடிப்படை பாறை அடுக்கு. 33 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இப்போது அயர்லாந்து என்று அழைக்கப்படும் நிலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலுக்கடியில் கிடந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகளும் எலும்புக்கூடுகளும் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. பிறகு அதன்மேல் சேறும் மணலும் வந்து மூடின. அவை களிப்பாறையாகவும் மணற்கல்லாகவும் இறுகின. ஆக, மலையின் மேல்பாதி தண்ணீரை உள்ளே விடாத பாறை, அடிவாரம் தண்ணீரில் கரையக்கூடிய பாறை.

மேல்பாதியில் தண்ணீர் இறங்க வழியில்லாததால் சதுப்பு உருவானது. சதுப்பிலிருந்து வடியும் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும், அமிலத்தன்மையும் உண்டு. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு வருவது இன்னொரு பக்கம். இந்த அமில நீர் சுண்ணாம்புக்கல் தொடங்கும் கோட்டைத் தொட்டவுடன் பாறையைக் கரைக்கத் தொடங்குகிறது. வெடிப்புகள் அகலமாகிப் பள்ளங்கள் ஆகின்றன. ஓடிவந்த ஓடை அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து காணாமல் போகிறது. நடந்து போகிறவர் கண்ணுக்கும் இந்தக் கோடு தெரியும். பாதையின் தொடக்கத்தில் இருபுறமும் ஆடுகள் மேயும் பச்சைப் புல்வெளி, அது சுண்ணாம்புக்கல் நிலம். கொஞ்சம் ஏறியதும் பச்சை முடிந்து, பழுப்பும் ஊதாவுமாகச் சதுப்பு தொடங்கும். காலுக்குக் கீழே பாறை மாறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

குல்கியாவின் வடசரிவில் ஓவன்பிரீன், ஆகின்ரான், ஸ்ரூ க்ராப்பா என்று மூன்று ஓடைகள் இறங்குகின்றன. மூன்றும் தனித்தனி இடங்களில் பூமிக்குள் போகின்றன. ஆகின்ரான் மறையும் மொனாஸ்டிர் பள்ளம் இவற்றில் மிகப் பெரியது. செங்குத்தான பாறைச்சுவர் ஒன்று பள்ளத்தாக்கை அப்படியே அடைத்து நிற்க, ஆறு அதன் அடியில் நுழைந்துவிடும். பூமிக்கடியில் மூன்றும் சேர்ந்து, மார்பிள் ஆர்ச் குகைகள் வழியாக ஓடி, க்ளாடா என்ற பெயரில் வெளிவருகின்றன. வெளிவரும் இடத்தில் இயற்கையாக அமைந்த ஒரு கல் வளைவு நிற்கிறது. குகைக்குப் பெயர் தந்தது அந்த வளைவுதான்.

1895-இல் பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் எதுவார் அல்ஃப்ரெத் மார்த்தெல், டப்ளினைச் சேர்ந்த இயற்கையியலாளர் லிஸ்டர் ஜேம்சன் ஆகிய இருவரும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதற்குள் போய் முதன்முறையாக முறைப்படி ஆராய்ந்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் புதிய வழிகளைக் கண்டுபிடித்து இணைத்துக்கொண்டே போக, இன்று அறியப்பட்ட நீளம் 11 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. வட அயர்லாந்தின் மிக நீளமான குகைத்தொகுதி இதுதான். சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது அதில் ஒரு சிறு பகுதி. ஆனால் அந்தச் சிறு பகுதியிலேயே கல்விழுதுகளும், சுண்ணாம்பு படிந்து திரைச்சீலை போலத் தொங்கும் பாறைகளும், ஆறு பாறையை அறுத்துக்கொண்டு போகும் ஓசையும் கிடைக்கும். கோடையானாலும் உள்ளே 10 டிகிரி அளவில்தான் இருக்கும். கனமான மேல்சட்டை வேண்டும்.

குகைக்குள் போகாமல், க்ளாடா ஆறு வெளிவந்த பிறகு ஓடும் பள்ளத்தாக்கில் மட்டும் நடக்கிறவர்களும் உண்டு. சாலைப் பாலத்தில் தொடங்கி ஆற்றை ஒட்டி மேலேறினால் மார்பிள் ஆர்ச் வளைவு வரை போகலாம். கடைசிப் பகுதியைத் தவிரக் கடினம் எதுவுமில்லை. சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். என்னைக் கேட்டால், இந்த வட்டாரத்தில் ஒரே ஒரு பாதைக்குத்தான் நேரமிருக்கிறது என்பவர் இதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆஷ் மரங்களும் ஓக் மரங்களும் நிறைந்த பழைய காடு. ஏப்ரல், மே மாதங்களில் தரை முழுக்கக் காட்டுப்பூண்டின் வெள்ளைப் பூக்களும் நீலமணிப் பூக்களும் விரிந்திருக்கும், பூண்டு வாசம் காற்றில் வந்துகொண்டே இருக்கும். வழியில் பாறைச்சுவரிலிருந்து இன்னொரு ஊற்று அருவியாகப் பொங்கி ஆற்றில் விழுகிறது. பூமிக்கடியில் வேறு வழியாக வந்த தண்ணீர் அது.

ஆஷ் மரங்களைப் பற்றி ஒரு கவலை இருக்கிறது. பூஞ்சையால் வரும் கருகல் நோய் 2012-இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்டது. அதிலிருந்து நாடு முழுவதும் ஆஷ் மரங்கள் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வருகின்றன. அடுத்த தலைமுறை பார்க்கப்போகும் பள்ளத்தாக்கின் நிழல் இன்றைய நிழலாக இருக்காது.

இனி மலைமேல் போகும் பாதை. குல்கியாவின் உயரம் 665 மீட்டர். நம் பார்வைக்குக் குன்று என்று தோன்றும், ஆனால் ஃபெர்மானா, கேவன் இரண்டு மாவட்டங்களுக்கும் இதுதான் மிக உயர்ந்த இடம். சதுப்பில் ஆட்கள் நடந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒருவர் நடந்த தடத்தில் சேறாகும். அடுத்தவர் சேற்றைத் தவிர்க்க ஓரமாகப் போவார். அந்த ஓரமும் சேறாகும். இப்படியே ஓரடிப் பாதை பத்து மீட்டர் அகலக் காயமாக விரியும். செடி போன இடத்தில் பீட் வெளியே தெரியும், மழை அதை அரித்துக்கொண்டு போகும். இதைத் தடுக்கத்தான் 2015-இல் மரப்பலகை நடைபாதை போட்டார்கள். சதுப்பின்மேல் தரையைத் தொடாமல் போகும் பாதை, மலையின் செங்குத்தான கடைசிச் சரிவில் சுமார் 450 படிகளாக ஏறி ஒரு பார்வை மேடையில் முடிகிறது. போய்வர ஏறக்குறைய 12 கி.மீ.

சதுப்பைக் காக்கப் போட்ட பாதையின் படங்கள் சமூக ஊடகங்களில் பரவின. ‘சொர்க்கத்துக்குப் படிக்கட்டு’ என்று பட்டப்பெயர் வந்தது. முன்பு எப்போதாவது யாராவது ஏறிய மலைக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். குறுகிய கிராமச் சாலைகளில் வண்டிகள் நின்றன. இதைத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. பலகை இருக்கிற இடத்தில் சதுப்பு உண்மையிலேயே பிழைத்துக்கொண்டது. சிக்கல் பலகை முடிகிற இடத்தில்தான். மேடையிலிருந்து உச்சிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கிறது. அங்கே வெண்கலக் காலத்துக் கற்குவியல் கல்லறை ஒன்று உண்டு. நடுவே இருப்பது பாதுகாப்பில்லாத பீட். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், உச்சியையும் தொட்டுவிடலாம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் மேடையோடு திரும்பிவிடுவதே சரி என்று நினைக்கிறேன். நாயைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்ற விதியும் காரணமில்லாமல் வந்ததில்லை. தரையில் கூடு கட்டும் பறவைகளும் மேயும் ஆடுகளும் அங்கே இருக்கின்றன.

குல்கியாவின் உச்சிமுகட்டில்தான் நாட்டு எல்லையும் போகிறது. வடக்கே ஃபெர்மானா, ஐக்கிய இராச்சியத்தின் பகுதி. தெற்கே கேவன், அயர்லாந்துக் குடியரசு. 1921-இல் தீவு பிரிந்தபோது வரைந்த கோடு. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது என்பதை அறிவியல் முறைப்படி நிரூபித்தும் காட்டியிருக்கிறார்கள். கேவன் பக்கம் ஷானன் பாட் என்று ஒரு வட்டமான கருங்குளம். அயர்லாந்தின் மிக நீளமான ஆறான ஷானன், ஏறக்குறைய 360 கி.மீ. ஓடுவது, இங்கேதான் பிறக்கிறது என்பது மரபு. ஞானம் தரும் மீனைத் தேடிவந்த ஷினன் என்ற பெண்ணைக் கிணறு பொங்கி அடித்துக்கொண்டு போனது, அவள் பெயரே ஆற்றுக்கு ஆயிற்று என்று பழங்கதை சொல்கிறது. ஆய்வாளர்கள் மலைச்சரிவில் நீர் மறையும் பள்ளங்களில் நிறமியைக் கரைத்துவிட்டு எங்கே வெளிவருகிறது என்று பார்த்தார்கள். பல பள்ளங்களின் தண்ணீர் ஷானன் பாட்டில் வந்து சேர்ந்தது. அவற்றில் ஒன்று எல்லைக்கு அப்பால், ஃபெர்மானாவில், 10 கி.மீ.க்கும் மேல் தள்ளி இருக்கும் பிஜன் பாட்ஸ். குடியரசின் பெரிய ஆற்றுக்கு ஒரு பங்கு நீர் வட அயர்லாந்தின் மண்ணுக்கடியிலிருந்து வருகிறது.

இதே காரணத்தால், இங்கே பாதுகாப்பை ஒரு நாட்டோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. 2001-இல் ஐரோப்பியப் புவிப்பூங்காவாகவும் (பாறையும் நிலவியலும் சிறப்பான இடங்களுக்குத் தரும் தகுதி அது) 2004-இல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பிலும் இடம்பெற்ற மார்பிள் ஆர்ச், 2008-இல் எல்லை தாண்டிக் கேவனுக்குள் விரிவடைந்தது. இரண்டு நாடுகளில் பரவிய முதல் புவிப்பூங்கா உலகில் அதுதான். இப்போது குல்கியா ஏரிநாட்டுப் புவிப்பூங்கா என்று பெயர். துப்பாக்கிக் காவலும் சோதனைச்சாவடியும் இருந்த எல்லையில், பத்தாண்டுகளுக்குள் இரு பக்கத்து உள்ளாட்சிகளும் சேர்ந்து ஒரு மலையை நிர்வகிக்கத் தொடங்கின.

கேவன் பக்கத்தில் பிளாக்லயன் ஊரிலிருந்து டவ்ரா வரை கேவன் வே என்ற அடையாளமிட்ட பாதை இருக்கிறது. நன்றாக நடப்பவர் ஒரே நாளில் முடித்துவிடலாம். ஷானன் பாட் பக்கமாகப் போகும் இந்தப் பாதை, கேவன் பர்ரன் பூங்கா வழியாகவும் போகிறது. பர்ரனில் ஊசியிலைக் காட்டுக்கு நடுவே கற்காலக் கல்லறைகள் கிடக்கின்றன. சுண்ணாம்புத் தரையில் பெரிய பெரிய மணற்கல் பாறைகள், சின்னச் சுண்ணாம்புப் பீடங்களின்மேல் உட்கார்ந்திருக்கும். பனியுகத்தில் பனியாறு தூக்கிவந்து போட்டவை. பாறை குடையாக நின்று மழையைத் தடுத்ததால் அதற்கடியில் இருந்த சுண்ணாம்புக்கல் கரையவில்லை, சுற்றிலும் இருந்தது கரைந்து தாழ்ந்துவிட்டது. பனி விலகிய காலம் முதல் இன்று வரை மழை எவ்வளவு கல்லைத் தின்றிருக்கிறது என்பதற்கு அந்தப் பீடத்தின் உயரமே அளவு.

அந்தக் காடு 1950-களில் மரத்துக்காக நட்டது. அயர்லாந்தில் காடு என்றால் பெரும்பாலும் இப்படித்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான் காடாக மிஞ்சியிருந்தது. இன்று 11 சதவீதத்துக்குமேல் வந்திருக்கிறது, ஆனால் அதில் பெரும் பங்கு வட அமெரிக்காவின் பசிபிக் கரையிலிருந்து வந்த சிட்கா ஸ்புரூஸ். வேகமாக வளரும், விலை போகும். அதன் அடர்ந்த நிழலில் வேறு செடிகள் முளைப்பது அரிது. ஸ்புரூஸ் தோப்புக்குள் நடந்தபின் க்ளாடா பள்ளத்தாக்குக்குள் நுழைந்தால், அயர்லாந்து எதை இழந்தது என்று ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மரத்தைப் பற்றிப் பேசும்போது ஃப்ளாரன்ஸ் கோர்ட்டை விட்டுவிட முடியாது. மார்பிள் ஆர்ச்சுக்குப் பக்கத்தில் உள்ள பழைய மாளிகைத் தோட்டம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் உள்ளூர் விவசாயி ஒருவர் குல்கியா சரிவில், கிளைகளைப் பரப்பாமல் நிமிர்ந்து வளரும் இரண்டு யூ (ஊசியிலை மரவகை) மரக்கன்றுகளைக் கண்டார். ஒன்றைத் தன் தோட்டத்தில் வைத்தார், அது பிறகு பட்டுப்போனது. மற்றதை மாளிகைக்குக் கொடுத்தார். அந்த மரம் இன்னும் உயிரோடு நிற்கிறது. விதை போட்டால் இந்தக் குணம் அப்படியே வராது என்பதால் கிளையை வெட்டி நட்டே பெருக்கினார்கள். உலகமெங்கும் தேவாலயக் கல்லறைத் தோட்டங்களில் தூண் மாதிரி நிற்கிற ஐரிஷ் யூ மரங்கள் எல்லாமே இந்த ஒரு மரத்தின் வழி வந்தவை. தோட்டத்துக்குப் பின்னால் காட்டுக்குள் போகும் பாதையில் அதைப் பார்க்கலாம்.

இங்கெல்லாம் யார் வேண்டுமானாலும் நடக்கலாமா என்ற கேள்விக்கு விடை கொஞ்சம் சிக்கலானது. ஸ்காட்லாந்தில் 2003 சட்டம் மக்களுக்குத் திறந்தவெளியில் நடக்கும் உரிமையைத் தந்தது. அயர்லாந்துத் தீவின் இரு பகுதிகளிலும் அப்படியொரு பொது உரிமை இல்லை. பெரும்பாலான பாதைகள் நிலவுடைமையாளரின் சம்மதத்தில் நிற்கின்றன. குடியரசில் அரசின் வன நிறுவனமான குயில்சா தன் காடுகளைத் திறந்துவைத்திருப்பதால் அடையாளமிட்ட பாதைகள் பல அவற்றின் வழியே போகின்றன. தனியார் பண்ணை வழியாகப் போகும் பாதைகளுக்கு 2008 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. பாதையைப் பராமரிக்கும் வேலைக்காக விவசாயிக்குப் பணம். அனுமதிக்குக் கூலி கொடுத்தால் நாளை எல்லாருமே கேட்பார்கள் என்பதால் வேலைக்குக் கூலி என்று வைத்தார்கள். நல்ல ஏற்பாடு, என்றாலும் விவசாயி மனம் மாறினால் பாதை வேறு பக்கம் திரும்பும்.

நிலவுடைமையாளரின் பெரிய பயம் வழக்கு. விக்லோ மலையில் பழைய ரயில் கட்டைகளால் போட்ட பலகைப்பாதையில் ஒருவர் தடுக்கி விழுந்து காயப்பட, 2016-இல் கீழ் நீதிமன்றம் 40,000 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நாடெங்கும் மலையேறுவோர் கலங்கிப்போனார்கள். பாதையே போடாவிட்டால் வழக்கே இல்லை என்று நிலவுடைமையாளர்கள் முடிவெடுத்துவிட்டால்? 2017-இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மலையில் நடப்பவர் காலடியைப் பார்த்து நடக்க வேண்டும் என்பதற்கு அது எடை கொடுத்தது. 2023-இல் சட்டத்தையும் திருத்தி, ஆபத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு வருபவரின் பொறுப்பைத் தெளிவாக்கினார்கள். குல்கியா மாதிரிப் பலகைப்பாதைகள் பரவுவதற்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு முக்கியம் என்பது நடக்க வருபவர்களில் பலருக்குத் தெரியாது.

சரி, போக நினைப்பவர்கள் எதைப் பார்த்துத் திட்டமிட வேண்டும்? மழையைத்தான். குகைச் சுற்றுலா வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரைதான் நடக்கும், அதிலும் ஆற்றில் நீர் ஏறினால் நிறுத்திவிடுவார்கள். காய்ந்த நாட்கள் சில தொடர்ந்து வந்தால் முதலில் குகையை முடித்துக்கொள்வது நல்லது. மலைமேல் மேகம் இறங்கியிருந்தால் பலகைப்பாதையில் ஏறி ஒன்றும் தெரியாது, அன்றைக்கு க்ளாடா பள்ளத்தாக்கும் ஃப்ளாரன்ஸ் கோர்ட்டும் போதும். கொட்டித் தீர்த்த மழைக்கு மறுநாள் குகை மூடியிருந்தால், பிளாக்லயனிலிருந்து ஸ்லைகோவுக்குப் போகும் என்16 சாலையைப் பிடித்து மேற்கே போகலாம். ஒரு மணி நேரத்துக்குள் க்ளென்கார் ஏரி வந்துவிடும். அங்கேயும் சுண்ணாம்புக்கல்தான், ஆனால் மலையின் விளிம்பு வெட்டிவிட்டது போல நிற்கும். ஏரிக்கரையில் இருக்கும் க்ளென்கார் அருவி எப்போதும் விழும். அதற்குக் கொஞ்சம் மேற்கே, பாறை விளிம்பில் டெவில்ஸ் சிம்னி என்ற இன்னொன்று, ஏறக்குறைய 150 மீட்டர் உயரம், அயர்லாந்தின் மிக உயர்ந்த அருவி. நல்ல மழைக்குப் பிறகு மட்டுமே அது ஓடும். காற்று எதிர்த்து வீசும் நாளில் தண்ணீர் விழாமல் மேல்நோக்கிப் பறக்கும். அதன் அடிவாரத்தில் காட்டுக்குள் ஒரு சுற்றுப்பாதை போட்டிருக்கிறார்கள்.